பைய ஓடுலே, பதக்கம் எங்கயும் போயிராது

ஏலே, இங்கன வா. கையை ஏன் வானத்தைப் பாக்க நீட்டிக்கிட்டு நிக்க? வாட்சுக்குச் சாட்டிலைட்டு இன்னும் சிக்கலியா? சிக்கும்போது சிக்கட்டும். அதுவரைக்கும் இந்தக் கெழவன் சொல்லுததைக் கேளு. துட்டு ஒண்ணும் கேக்க மாட்டேன்.

புது வருசம் பொறந்துட்டு. உங்க ஓட்டக் கூட்டத்துல ஆளாளுக்கு ஒரு சபதம் எடுத்திருக்கீங்களாமே? ஒருத்தன் மாசத்துக்கு ஒரு அரை மாரத்தான்ங்கான். இன்னொருத்தன் முழு மாரத்தானை நாலு மணி நேரத்துக்குள்ள முடிச்சிருவேங்கான். நீ என்ன சொன்ன? 2026-ல 2026 கிலோமீட்டரா? கேக்கவே காது குளுந்து போச்சுலே. கணக்குப் போட்டுப் பாத்தியா? நாளுக்கு அஞ்சரை கிலோமீட்டருக்கு மேல வருது. ஒரு நாள் விடாம. உனக்குக் காய்ச்சல் வரக்கூடாது. ஆவணியில சேக்காளி எவனும் கல்யாணம் வைக்கக்கூடாது. ஐப்பசியில மழை பெய்யக்கூடாது. அம்புட்டு பேருகிட்டயும் பேசி வச்சிட்டியா?

வருசத்து நம்பரைத்தான் ஓடணும்னு ஒத்தக்கால்ல நின்னா, அதுக்கும் ஒரு வழி சொல்லுதேன். நம்ம திருநெல்வேலிப் பக்கம் கொல்லம் ஆண்டுன்னு ஒண்ணு உண்டு. பழைய பத்திரத்தைப் பிரிச்சா கண்ணுல படும். அதுல இப்ப நடக்குதது 1201. அதைப் பிடிச்சுக்கோ. ஒரே அடியா 825 கிலோமீட்டர் மிச்சம். திருவள்ளுவர் ஆண்டுப் பக்கம் மட்டும் தப்பித்தவறிப் போயிராத. 31 கிலோமீட்டர் கூடிரும்.

சிரிச்சா எப்பிடிலே? நீ போட்ட கணக்குக்கும் நான் போட்ட கணக்குக்கும் என்ன வித்தியாசம்? காலண்டர்ல அச்சடிச்ச நம்பருக்கும் உன் முழங்காலுக்கும் என்ன உறவு? மாமனா, மச்சானா?

ஜனவரி ஒண்ணாந்தேதின்னா நமக்கு என்ன? மார்கழி பதினேழு. காலையில தாமிரபரணிக் கரையில பனி இறங்கிக் கெடக்கும். மார்கழிக் குளுருல யாருக்குத்தான் ஓட வராது? எனக்கே கால் அரிக்குது. பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்துல இப்போ போய்ப் பாரு, வண்டி நிறுத்த எடம் கெடையாது. எல்லாரும் புது பனியன், புது சூ. தை பொறந்தா கரும்பு. கரும்பு தின்னு முடிக்கதுக்குள்ள கால்வாசிப் பேரு காணாமப் போயிருவாவ. மாசியில வாட்ஸாப் குரூப்ல மட்டும் ஓட்டம் நடக்கும். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குன்னு போனவன், பொறவு மைதானத்துப் பக்கம் தலை வச்சுப் படுக்க மாட்டான். இதை நான் பாக்காத வருசமா? ஆரம்ப சூரத்தனம்னு பெரியவங்க சும்மாவா பேரு வச்சாவ?

அதனால சபதத்தை எடுத்துக் கொண்டுபோய்ச் சித்திரையில வையி. நம்ம வருசம் பொறக்கதும் அப்பத்தான. காலை ஆறு மணிக்கே வெயிலு முதுகுல ஏறி உக்காரும். பொறவு அக்கினி நட்சத்திரம். அப்போ வந்து நில்லு, உன்னை ஓட்டக்காரன்னு நான் ஒத்துக்கிடுதேன். உடம்பு வெயிலுக்குப் பழக ரெண்டு வாரம் ஆகும். வேர்வை சீக்கிரமே சுரக்கும், அதுல உப்பு குறையும், நெஞ்சு அடிக்கதும் கொஞ்சம் அடங்கும். அந்த ரெண்டு வாரமும் வாட்சைக் கழத்தி வீட்டுல வச்சிரு. மார்கழி வேகத்தைச் சித்திரையில தேடினவன் ரோட்டோரம் தலையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்ததுதான் மிச்சம்.

வாட்சுன்னதும் ஞாபகம் வருது. உங்க கூட்டத்துல ஒரு இஞ்சினியர்ப் பய இருக்கான்லா? போன ஞாயித்துக்கெழமை டீக்கடை பெஞ்சுல உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தேன். எல்லாரும் ஓடி முடிச்சு டீயை ஆத்துதாவ. இவன் மட்டும் எதிர்ல இருக்க டிரான்ஸ்பார்மரைச் சுத்திச் சுத்தி வாரான். நேத்திக்கடன் போலன்னு நெனச்சேன். டிரான்ஸ்பார்மருக்கு எவன்லே நேந்துக்கிடுவான்? கிட்டக் கூப்பிட்டுக் கேட்டா, வாட்ச்ல 9.87 காட்டுதாம். பத்து ஆக்கணுமாம். அவன் சுத்துதான், பெட்டியில எழுதின அபாயம் போர்டு அவனைப் பாக்குது, ஒரு நாய் இவனைப் பாத்துட்டு அதுவும் கூடச் சுத்துது. 9.99-ல எவனோ போன் பண்ணிட்டான். எடுக்கல. பத்து ஆன பொறவுதான் எடுத்தான். பொண்டாட்டி. பால் வாங்கச் சொல்லியிருக்கா. அதுக்குள்ள கடையில பாலு தீந்து போச்சு.

அளக்காதன்னு சொல்லல. ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு சொன்னவன் நம்ம ஆளுதான். அளந்துட்டுப் போகணும். அளவுகிட்டப் போய் அடிமைப் பத்திரம் எழுதிக் குடுத்தா எப்பிடி? ராத்திரி தூக்கம் சரியில்லன்னு வாட்ச் சொல்லித்தான் தெரியணுமா? கொட்டாவி வரலியா உனக்கு? நாளுக்குப் பத்தாயிரம் அடி நடக்கணும்னு ஊரே ஜெபிக்கே, அது எங்கேர்ந்து வந்ததுன்னு தெரியுமா? 1965-ல ஜப்பான்ல ஒரு கம்பெனி அடி எண்ணுத மீட்டரை விக்கதுக்கு வச்ச நம்பர். வைத்தியன் சொன்னது இல்ல, வியாபாரி சொன்னது. நம்பர் உருண்டையா இருந்தா சரக்கு போகும்லா?

வாட்ச்ல ஏறாத ஓட்டம் ஓட்டமே இல்லன்னு போன வாரம் சார்ஜ் தீந்து போனதுக்கு மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தியே. உனக்கு ஃபௌஜா சிங் கதை சொல்லுதேன். பஞ்சாபிக்காரரு. பாஸ்போர்ட்டுல 1911 ஏப்ரல் ஒண்ணாந்தேதி பொறந்ததாப் போட்டிருக்கு. முதல் மாரத்தான் ஓடினது 2000-ல, லண்டன்ல. வயசு 89. நம்மூர்ல அந்த வயசுல எழுந்து உக்காந்தாலே கை தட்டுவாவ. 2011-ல டொராண்டோவுல நூறு வயசுல 42 கிலோமீட்டரையும் முடிச்சாரு. கின்னஸ்காரன் என்ன சொன்னான்? பொறப்புச் சான்றிதழ் கொண்டாங்கான். 1911-ல பஞ்சாப் கிராமத்துல எவன் சான்றிதழ் குடுத்தான்? புத்தகத்துல ஏத்தல. அதனால அவரு ஓடலைன்னு ஆயிட்டா? அவரு பாட்டுக்கு ஓடினாரு, பாட்டுக்குச் சிரிச்சாரு. நீ ஒரு நாள் சார்ஜ் போடாததுக்கு ஒப்பாரி வைக்க.

மாரத்தானோட அந்த 42.195 கிலோமீட்டர் இருக்கே, அதுவும் பெரிய ரகசியம் ஒண்ணும் இல்ல. 1896-ல ஏதென்ஸ்ல முதல் ஒலிம்பிக் நடந்தப்போ சுமார் 40 கிலோமீட்டர்தான். 1908-ல லண்டன்ல வச்சாவ. வின்ட்சர் அரண்மனையில ஆரம்பிச்சு, ஸ்டேடியத்துல ராஜ குடும்பம் உக்காந்த மாடத்துக்கு முன்னால முடியணும்னு அளந்தாவ. வந்த நீளம் 26 மைல், 385 கஜம். 1921-ல அதையே சட்டமாக்கிட்டாவ. ஆக, கடைசி ரெண்டு கிலோமீட்டர்ல நாக்கு தள்ளும்போது யாரைத் திட்டணும்னு தெரிஞ்சு வச்சுக்கோ. கோச்சு மேல பழி போடாத, பாவம்.

அதே 1908-ல டொராண்டோ பியத்ரின்னு ஒரு இத்தாலிக்காரன். டவுன் பேரு கெடையாது, ஆளு பேருதான். முதல் ஆளா ஸ்டேடியத்துக்குள்ள வாரான். வந்தவனுக்குத் தலை சுத்திட்டு, தப்பான பக்கம் திரும்பிட்டான். விழுந்தான். எந்திரிச்சான். மறுபடி விழுந்தான். பாத்துக்கிட்டு இருந்த அதிகாரிமாரு மனசு தாங்காமக் கையைப் பிடிச்சுக் கோட்டைத் தாண்ட வச்சிட்டாவ. அதுதான் வினை. அடுத்தவன் தூக்கி விட்டா செல்லாதுன்னு பரிசை அமெரிக்காவோட ஜானி ஹேஸுக்குக் குடுத்துட்டாவ. மறுநாள் ராணி அலெக்சாண்ட்ரா கூப்பிட்டு இவனுக்குத் தனியா ஒரு கோப்பை குடுத்தா. இன்னைக்கு அந்தப் பந்தயம்னா எல்லாருக்கும் பியத்ரி பேருதான் முதல்ல வாய்க்கு வருது. இப்போ நீ ஓடுத பந்தயத்துல கோட்டைத் தொட்டவனுக்கெல்லாம் மெடல். நல்லதுதான், வேண்டாங்கல. ஆனா போன வருசம் சென்னையில ஓடிட்டு, நெல்லை எக்ஸ்பிரஸ்ல திரும்பி வரும்போது கழுத்துல மாட்டின மெடலோடயே ராத்திரி பூரா மிடில் பெர்த்துல தூங்கினியாமே? டி.டி.ஆர். வந்து டிக்கெட்டுக்குப் பதிலா அதையா காட்டின?

சூ விசயத்துக்கு வா. எம்புட்டு? இருபதாயிரத்துக்கு மேலயா? ஏலே, அது சோடிக்கா, ஒத்தைக்கா? உள்ள கார்பன் தகடு இருக்குன்னு சொல்லுதாவ. ஓடும்போது செலவாகுத சக்தியில நாலு சதவீதம் வரைக்கும் மிச்சம் பிடிக்கும்னு சோதனைக்கூடத்துல பாத்திருக்காவ. பொய்னு சொல்ல மாட்டேன். உலகத்துல முதல் பத்து பேருல நீ ஒருத்தன்னா அந்த நாலு சதவீதம் பெரிசு. வாரத்துல மூணு நாள் அலாரத்தை அமத்திட்டுப் படுக்கிற உனக்கு, அந்த மூணு நாளைப் பிடிச்சாலே போதுமே? சிவநாத் சிங்னு நம்ம ராணுவத்துக்காரர் ஒருத்தர் இருந்தாரு. பீகார்க்காரரு, வெறுங்காலோட ஓடிப் பேரு வாங்கினவரு. 1978-ல ஜலந்தர்ல முழு மாரத்தானை ரெண்டு மணி பன்னிரண்டு நிமிசத்துல முடிச்சாரு. நாப்பது வருசத்துக்கு மேல இந்தியாவுல ஒருத்தனால அதைத் தாண்ட முடியல. எத்தனை சூ வந்துச்சு, எத்தனை வாட்ச் வந்துச்சு? அதுக்காக நீ நாளைக்கே சூவைக் கழத்தி எறிஞ்சிராத. நம்ம ரோட்டுல என்னென்ன கண்ணாடிச் சில்லு கெடக்குன்னு உனக்கே தெரியும். கால் விரலை அமுக்காத, குதிகால் வழுக்காத சோடி ஒண்ணு போதும். அடி தேஞ்சா மாத்து. கலரு பழசானா மாத்தணும்னு சட்டம் இல்ல.

அப்பொறம் அந்தப் பொட்டலம். ஜெல்லாம்லா? அஞ்சு கிலோமீட்டர் ஓட அதை ரெண்டு சப்பிட்டுப் போறியே, என்னத்துக்கு? ஒரு மணி, ஒன்னேகால் மணி நேர ஓட்டத்துக்கு வேண்டிய சரக்கு உன் உடம்புலயே இருக்கு. நேத்து ராத்திரி நீ தின்ன பரோட்டாவை யாரு செலவழிக்க? அதுக்கு மேல ஓடுத அன்னைக்குச் சப்பிக்கோ. முடிச்ச பொறவு ஒரு வாழைப்பழம், கோவில்பட்டிக் கடலைமிட்டாய் ரெண்டு, ஒரு சொம்பு நீச்சத்தண்ணியில உப்பு போட்டு. தாகம் எடுத்தாத் தண்ணி குடி. தாகம் இல்லாமக் குடம் குடமாக் குடிச்சு, ரத்தத்துல உப்பு குறைஞ்சு மயங்கி விழுந்தவங்க வெளிநாட்டு மாரத்தான்லயே இருக்காவ.

சரி, இம்புட்டு நேரம் உன்னை வஞ்சாச்சு. இப்போ ஒரு நல்ல வார்த்தை. நீ செஞ்ச ஒரே புத்திசாலித்தனம், தனியா ஓடாமக் கூட்டத்துல சேந்ததுதான். உன் சபதமெல்லாம் ரெண்டு மாசம் தாங்காது. ஆனா காலையில அஞ்சரைக்கு முருகன்குறிச்சி முக்குல ஒருத்தன் உனக்காக நிக்கான்னு தெரிஞ்சா, நீ போர்வையை இழுத்து மூட முடியாது. வெக்கமா இருக்கும். அந்த வெக்கம் இருக்கே, அதுக்கு எந்தக் கம்பெனி வாட்சும் ஈடு கெடையாது.

கிப்சோகேன்னு கென்யாக்காரர், 2019-ல வியன்னாவுல ரெண்டு மணி நேரத்துக்குள்ள மாரத்தான் ஓடினாரே, 1:59:40. உங்க குரூப்ல அவரு படத்தைத்தான டிபியா வச்சிருக்கீங்க? அன்னைக்கு அவருக்குக் காத்து மறைக்கவும் வேகம் காட்டவும் 41 பேரு முறை வச்சு முன்னயும் பின்னயும் ஓடினாவ. அதனாலதான் அதைச் சாதனைக் கணக்குல சேக்கல. உலகத்துலயே பெரிய ஓட்டக்காரருக்கே 41 சேக்காளி வேண்டியிருக்கு. உனக்கு ரெண்டு பேரு வேண்டாமா?

உங்க கூட்டத்துல யாரு பெரிய ஆளுன்னு கேட்டா நான் அந்தப் பேங்க் மேனேசரைச் சொல்லுவேன். ரிட்டயர் ஆனவரு, தொந்தியோட ஓடுவாரே, அவருதான். வண்ணாரப்பேட்டைலேர்ந்து சுலோசன முதலியார் பாலம் வரைக்கும் மருமகனைத் திட்டிக்கிட்டே ஓடுதாரு. காரு வாங்கித் தந்ததுலேர்ந்து தொடங்குவாரு. கூட ஓடுதவனுக்கு இன்னைக்கு எந்த அத்தியாயம்னு தெரியும். நீங்க சிரிக்கீங்க. எனக்கு அதுலதான் விசயம் இருக்குன்னு படுது. ஓடும்போது முழு வாக்கியம் பேச முடிஞ்சா அதுதான் சரியான வேகம். பெரிய பெரிய ஓட்டக்காரனே வாரத்துல பெரும்பங்கு ஓட்டத்தை அந்த மெதுவான வேகத்துலதான் ஓடுதான். மேனேசரு திட்டு நிக்காம வந்துச்சுன்னா கூட்டம் ஒழுங்கா ஓடுதுன்னு அர்த்தம். “அந்தப் பய... என்... மவளை...”னு மூச்சு வாங்கிட்டா வேகத்தைக் குறைச்சிரு. அவரு மருமகன் உங்க எல்லாருக்கும் எம்புட்டு நல்லது செஞ்சிருக்கான்னு அவனுக்கே தெரியாது.

நீ என்ன செய்யுத? அவரைப் பாலத்துலயே விட்டுட்டு ஜங்ஷனுக்குப் பறந்து போய், வாட்ச்ல பெஸ்ட் டைம்னு படம் போடுத. கூட ஓட வந்துட்டு முதுகைக் காட்டிட்டுப் போறதுக்குப் பேரு என்னலே? அந்தப் பாலத்தையே சுலோசன முதலியாரு சொந்தத் துட்டைப் போட்டுக் கட்டி விட்டாரு, 1843-ல தொறந்தாவ. இன்னைக்கும் ஊரே அது மேல போகுது. அவரு தெனமும் எத்தனை கல்லு வச்சேன்னு ஸ்டேட்டஸ் போட்டாரா?

வாரத்துல ஒரு நாள் வேகமா ஓடணுமா, ஓடு. யாரும் தடுக்கல. மத்த நாள் கடைசியா வாரவன் வேகத்துல ஓடு. புதுசா வந்தவனை ரொம்பக் கவனி. மூச்சு மூணு வாரத்துல பழகிரும். அவனும் “எனக்குத்தான் மூச்சே வாங்கலியே”ன்னு துள்ளுவான். ஆனா எலும்பும் தசைநாணும் பழக மாசக்கணக்காகும். அந்த எடத்துலதான் முன்னங்கால் எலும்பு வலிக்கும், குதிகால் இழுக்கும், ஆசாமி கட்டு போட்டுக்கிட்டு வீட்டுல உக்காருவான். பதறாத காரியம் சிதறாது. கால்ல ஒரே எடத்துல குத்தி வலிச்சா ரெண்டு நாள் ஓடாத. “வலியைத் தாண்டி ஓடு”ன்னு குரூப்ல எவனாவது படம் போட்டா, அவனை அன்னைக்கு டீக்குத் துட்டு குடுக்கச் சொல்லு, அடங்கிருவான்.

இன்னும் ஒண்ணு, இதுல எனக்கு வெளையாட்டு கெடையாது. விடியிறதுக்கு முன்னால கே.டி.சி. நகர் நாலு வழிச்சாலைப் பக்கம் கறுப்பு பனியனோட நாலு பேரு வரிசையா அடைச்சுக்கிட்டு, காதுல பாட்டை மாட்டிக்கிட்டு ஓடுதீங்களே, யாரு சொல்லிக் குடுத்தா? அந்த ஃபௌஜா சிங்கே 2025 ஜூலையில சொந்த ஊர் ரோட்டுல கார் அடிச்சுத்தான் போய்ச் சேந்தாரு. நூறு வயசு தாண்டி ஓடின மனுசன். வண்டி வாரது கண்ணுக்கு எதிர்ல தெரியிற மாதிரி வலது ஓரமா ஓடு. ஒருத்தன் பின்னால ஒருத்தன். முதுகுல மின்னுத பட்டி ஒண்ணு குத்திக்கோ. இருபதாயிரத்துக்குச் சூ வாங்கினவனுக்கு நூறு ரூவாப் பட்டி வாங்கவா துட்டு இல்ல?

சரி, சாட்டிலைட்டு சிக்கிட்டா? சிக்கட்டும், சிக்காமப் போகட்டும். அந்த 2026-ஐ அழிச்சிட்டு, சித்திரை வரைக்கும் வாரத்துல நாலு நாள் முக்குல வந்து நிப்பேன்னு குரூப்ல போடு. போன மாசத்துலேர்ந்து வராம இருக்கானே உன் சேக்காளி, அவனுக்கு இப்பவே போன் பண்ணு. எடுக்கலன்னா வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டு. நாளைக்கு அஞ்சரைக்கு ரெண்டு பேரும் வரணும். மேனேசரு நாளைக்கு மருமகன் வீடு வாங்கின கதையை ஆரம்பிக்காராம்.